டைட்டானியம் இம்பிளான்ட்: உறுதியும் தேய்மானமும் (கேள்வி பதில்)

சிங்கப்பூர் துவாஸ் மெஷின் ஷாப்பிலிருந்து: அண்ணே, கிரேடு 5 டைட்டானியம் (அலுமினியமும் வனேடியமும் சேர்த்த கலவை) அவ்வளவு உறுதிங்கிறாங்க. பிறகு ஏன் இடுப்பு மூட்டுப் பந்தை அதில் செய்வதில்லை?

உறுதி வேறு, தேய்மானம் வேறு தம்பி. இந்தக் கலவையின் இழுவலிமை 860 மெகாபாஸ்கலுக்கு மேல், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டுக்குத் தாராளம். ஆனால் மேலே உள்ள ஆக்சைடு படலம் சில நானோமீட்டர்தான். உரசலில் அது பெயர்ந்ததும் அடியிலுள்ள உலோகம் எதிர்ப்பரப்பில் ஒட்டிக் கிழிகிறது, கறுப்புத் துகள் திசுவில் படிகிறது. அதனால்தான் தண்டு டைட்டானியம். பந்து கோபால்ட்-குரோமியம் அல்லது செராமிக்.

பாலிடெக்னிக் மாணவி: காற்றிலேயே சூடாக்கி ஆக்சைடைத் தடிமனாக்கலாமா சார்?

தாராளமாக. மாணவர் ஆய்வகத்துக்கு நான் முதலில் சொல்வதே இதுதான். 600 முதல் 650 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்தால் மேலே ரூட்டைல் (டைட்டானியம் ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) படலமும் அதன் கீழே ஆக்சிஜன் ஊறிய கடினப் பகுதியும் உருவாகும். படலத்தைத் தாங்குவது அந்தக் கீழ்ப்பகுதிதான். அவசரப்பட்டு 800 டிகிரிக்குப் போனால் படலம் தடித்து, ஆறும்போது செதில் செதிலாக உதிரும்.

உலைக்கு முன் அசிட்டோனிலும் எத்தனாலிலும் அல்ட்ராசோனிக் கழுவல். பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வை உப்பிலும் குளோரின் கரைப்பானிலும் உள்ள குளோரைடு சூட்டில் விரிசலைத் தொடங்கி வைக்கும். ஒரு மாதிரித் துண்டைக் குறுக்கே வெட்டி, பாலிஷ் செய்து, குறைந்த எடையில் விக்கர்ஸ் கடினத்தை (வைர முனையை அழுத்தி, பதிந்த தடத்தை வைத்துச் சொல்லும் எண்) விளிம்பிலிருந்து உள்நோக்கி அளந்து பாருங்கள். படிப்படியாக உள் உலோகத்தின் 340 பக்கம் இறங்கினால் நல்லது. சட்டென விழுந்தால் தாங்கும் பகுதி உருவாகவில்லை.

அதே மாணவி: டைட்டானியம் நைட்ரைடு பூச்சு?

பூச்சு 2000 விக்கர்ஸுக்கு மேல், தடிமன் சில மைக்ரான். அடி மென்மையாக இருந்தால் பாரம் ஏறும்போது அமுங்கும், பூச்சு உடையும். உடைந்த துகளே மூட்டுக்குள் உப்புத்தாளாகிவிடும். முதலில் பிளாஸ்மா நைட்ரைடிங் (மின்னேற்றிய வாயுவிலிருந்து நைட்ரஜனை உலோகத்துக்குள் ஊறவைப்பது) செய்து அடியைக் கெட்டியாக்கி, பிறகு பூசுங்கள். நைட்ரைடிங் வெப்பம் ஏற ஏற உலோகத்தின் நுண்படிக மணிகள் பெருத்து, களைப்பு வலிமை (திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தைத் தாங்கும் திறன்) குறையும். தண்டில் செய்யவே வேண்டாம். உரசும் இடத்துக்கு மட்டும்.

3டி பிரின்ட் செய்பவர்: ஹிப் (HIP, சூட்டில் வாயு அழுத்தம் கொடுத்துத் துளைகளை மூடும் முறை) செய்தும் களைப்புச் சோதனையில் உடைகிறது, ஏன்?

ஆர்கானில் 920 டிகிரி, 100 மெகாபாஸ்கல், 2 மணி நேரம் உள்ளே அடைபட்ட துளைகளை மூடும். மேற்பரப்புக்குத் திறந்த துளைக்குள் வாயுவே புகுந்துவிடும், அது மூடாது. உடைந்த முகத்தைப் பாருங்கள். விரிசல் ஓரத்தில் தொடங்கியிருந்தால் மேற்பரப்பைக் கடைந்தெடுத்து மெருகேற்ற வேண்டும்.

இன்னொருவர்: மேற்பரப்பை மாற்றினால் பழைய உயிர் இணக்கச் சோதனை போதுமா?

போதாது. உடல் தொடுவது புதிய மேற்பரப்பை. ஐஎஸ்ஓ 10993 (மருத்துவச் சாதனங்களின் உயிர் இணக்கத்துக்கான சர்வதேசத் தரநிலை) மதிப்பீட்டை அதற்கேற்பத் திரும்பப் பார்த்து, சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கான ஆவணத்திலும் மாற்றத்தைக் காட்டுங்கள்.