ஜிம்னிக்குப் பெரிய டயர் போடலாமா? வண்டி எங்கே மாட்டியது என்பதைப் பொறுத்தது

கேள்வி இதுதான்: ஐந்து கதவு மாருதி ஜிம்னி, மேனுவல் கியர், கம்பெனி கொடுத்த 195/80 ஆர்15 டயர். அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 போட்டால் ஆஃப் ரோடில் வித்தியாசம் தெரியுமா, அதற்கு வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் போட வேண்டுமா?

நீங்கள் எழுதாவிட்டாலும் மீதியை யூகிக்க முடிகிறது. வாரநாளில் ஆபீஸ், மாதத்தில் ஒரு ஞாயிறு காட்டுப் பாதை. ஏதோ ஒரு ஏற்றத்தில் உங்கள் வண்டி நின்றுவிட்டது, பின்னால் வந்த முரட்டு டயர்க்காரர் ஏறிப் போய்விட்டார். அன்று இரவே டயர் விலை தேட ஆரம்பித்திருப்பீர்கள்.

டயரை விடுங்கள், வண்டி எப்படி நின்றது? வண்டி நிற்பதற்கு மூன்று காரணம்தான் உண்டு. நான்கு சக்கரமும் தரையில் இருந்தும் பிடிப்பில்லாமல் சுற்றியதா? அடி தட்டி உட்கார்ந்ததா? அல்லது முன் இடதும் பின் வலதும் அந்தரத்தில் தொங்கிச் சுற்ற, மற்ற இரண்டும் சும்மா நின்றதா? பெரிய டயர் தீர்ப்பது இரண்டாவதை, அதுவும் ஓரளவுக்குத்தான். முதலாவதற்கு மருந்து காற்றைக் குறைப்பதும் டயரின் பட்டன் அமைப்பும். மூன்றாவதற்கு எந்த அளவு டயர் போட்டாலும் பயனில்லை. 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் குறைவேக நிலை) போட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் இரண்டு மூன்று நொடி பிடித்திருங்கள். சுற்றும் சக்கரத்தை வண்டியே பிரேக் பிடித்து, விசையை எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளும். கரகரவென்று சத்தம் வரும். அதைக் கேட்டு பயந்து காலை எடுப்பதால்தான் பாதிப் பேர் அங்கேயே நிற்கிறார்கள்.

இப்போது கணக்கு. 195 என்பது டயரின் அகலம், 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அதில் எத்தனை சதவீதம் என்பது. 195-இல் 80 சதவீதம் 156 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர், 312. ரிம் 15 அங்குலம், அதாவது 381. மொத்த விட்டம் 693 மி.மீ. இதே போல 215/75 ஆர்15-க்கு 703.5 வரும், 235/75 ஆர்15-க்கு 733.5. அதாவது நீங்கள் கேட்கும் டயர் 40 மி.மீ உயரம், 5.8 சதவீதம் பெரிது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான், 20 மி.மீ. உங்கள் கட்டை விரல் அகலம் அவ்வளவுதான் இருக்கும்.

அந்த 20 மி.மீ-ஐ நான் கேலி செய்யவில்லை. ஜிம்னியில் முன்னும் பின்னும் கட்டை அச்சு, அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு. அச்சின் நடுவே கியர்கள் இருக்கும் டிஃப் குண்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை டயர் மட்டும்தான் மாற்ற முடியும். லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும், டிஃப் இருந்த இடத்திலேயே இருக்கும். இது தெரியாமல் இரண்டு அங்குல லிஃப்ட் போட்டுவிட்டு, "இன்னமும் கல்லில் இடிக்கிறதே" என்று கேட்பவர்கள் நிறைய. வண்டியின் வயிறு இடித்தால் லிஃப்ட், டிஃப் இடித்தால் டயர். ஐந்து கதவு வண்டியில் வீல்பேஸ் 2590 மி.மீ, ராம்ப் கோணம் (வயிறு தட்டாமல் கடக்கும் மேட்டின் கோணம்) 24 டிகிரிதான், ஆகவே மேட்டின் உச்சியில் வயிறு தட்டுவது அதிகம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள், கீறல் எங்கே இருக்கிறது என்பதிலேயே பதில் இருக்கும்.

இனி அந்த 20 மி.மீ-க்கு நீங்கள் கொடுக்கும் விலை. கடைச் சீட்டில் இருக்கும் விலையைச் சொல்லவில்லை.

முதல் அடி கியரில். டயர் பெரிதானால் எல்லாக் கியரும் 5.8 சதவீதம் நீளும். 4எல்-இன் 2 மடங்குக் குறைப்பு, நடைமுறையில் 1.89 ஆகிவிடும். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 134 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் 4000 ஆர்.பி.எம்-இல். மஹிந்திரா தார் டீசல் வைத்திருப்பவர்கள் "நாங்கள் போட்டோம், ஒன்றும் தெரியவில்லை" என்று கீழே எழுத வருவார்கள். அது 300 நியூட்டன் மீட்டர் எஞ்சின் சாமி, கம்பெனியே அதை 774, 789 மி.மீ என்று இரண்டு விட்டத்தில் விற்கிறது. அதன் அனுபவத்தை ஜிம்னிக்குப் பொருத்தாதீர்கள்.

இதற்கு மேல் எடை. 235 அளவில் ஏ.டி டயர் (ரோடு, காட்டுப் பாதை இரண்டுக்குமான வகை) ஒன்றுக்கு நான்கு முதல் ஆறு கிலோ கூடலாம். எல்.டி என்று எழுதியது, அதாவது சுமை வண்டிகளுக்கான கெட்டி வகை என்றால் இன்னும் மேலே. அதுவும் சுழலும் எடை. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இழுத்த இடத்தில் முதல் கியர் கேட்கும்.

ஏற்றத்தை விட இறக்கம்தான் எனக்குக் கவலை. இதை யாரும் சொல்வதில்லை. கியர் நீண்டால் எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலமும் அதே அளவு குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கியவர், பெரிய டயரோடு ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் மிதிக்க வேண்டிவரும். பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும் கூடுதல் பலம் வேண்டும். பின்னால் இருப்பது டிரம். நாலு பேரும் சாமான்களும் ஏற்றி இறங்கும்போது பிரேக் வாடை வந்தால், அடுத்த தடவை முதல் கியரிலேயே இறங்குங்கள்.

மலைப்பாதை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. செங்குத்துச் சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது மரியாதைக்குச் சொல்வது இல்லை, சாலை விதி. இப்போது இறங்குகிறவர்கள்தான் முழு ஹைபீமும் எல்.இ.டி பாரும் போட்டுக்கொண்டு, ஏறுகிறவனை வளைவின் நடுவில் நிறுத்துகிறார்கள். நீண்ட கியரோடு பாதி வளைவில் நின்று, மறுபடி கிளட்ச் தேய்த்துக் கிளம்ப வேண்டியவன் நிலைமையை அவர்கள் நினைப்பதே இல்லை. முப்பதாயிரம் ரூபாய்க்கு விளக்கு வாங்குகிறவர், முப்பது நொடி ஓரமாக நிற்க மாட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரிம். கம்பெனி ரிம்மின் அகலம் 5.5 அங்குலம், அதாவது 5.5ஜே. 235/75-க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 6 முதல் 8 வரை. 5.5-இல் ஏற்றினால் ஏறும், ஓடவும் ஓடும். ஆனால் பக்கச் சுவர் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி புடைத்து, நடுவே சீக்கிரம் தேயும். காற்றைக் குறைக்கும்போது விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவரவும் வாய்ப்பு அதிகம். "எல்லாரும் போடுகிறார்கள் சார்" என்று கடையில் சொல்வார்கள். போடுகிறார்கள்தான். 215/75 மட்டும் 5.5ஜே-இல் ஒழுங்காக உட்காரும்.

235 என்று முடிவெடுத்துவிட்டால் 6 அல்லது 6.5ஜே ரிம், 5×139.7 துளை அமைப்பு (139.7 மி.மீ வட்டத்தில் ஐந்து துளை), கம்பெனியை விடக் குறைந்த ஆஃப்செட் உள்ளது, அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி உட்கார வைப்பது வேண்டும். காரணம், ஃபுல் லாக், அதாவது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரின் உள் ஓரம் முன் அச்சைப் பிடித்திருக்கும் நீள்கையில் உரசும். அச்சு ஒரு பக்கமாக மேலே சாயும்போது பம்பரின் பின் மூலையிலும் ஃபெண்டர் லைனரிலும் உரசும். நீள்கையில் உரசுவதை ஆஃப்செட் தீர்க்கும், ஆனால் டயர் வெளியே தள்ளிப்போவதால் பம்பர் உரசல் கூடும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கிளம்பும். ஸ்பேசர் (ரிம்முக்கு உள்ளே வைத்து அதை வெளியே தள்ளும் வளையம்) போட்டுச் சமாளிப்பவர்கள், வீல் பேரிங்கும், முன் சக்கரம் திரும்பும் கிங்பின் பேரிங்கும் அந்தக் கூடுதல் நெம்பலைச் சுமக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஒரே ஒரு சக்கரத்தில் புது டயரை ஏற்றி முன் இடது பக்கம் மாட்டவும். நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் ஃபுல் லாக் திருப்பி, நீள்கைக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பாருங்கள். பிறகு அந்தச் சக்கரத்தை மட்டும் ஒரு அடி உயரக் கட்டையில் ஏற்றி மறுபடி ஃபுல் லாக். பம்பர் மூலை, லைனர், மட் ஃப்ளாப் மூன்றிலும் சாக்பீஸ் பூசிவிட்டால் எங்கே தொட்டது என்று டயரில் வெள்ளையாகத் தெரியும். மட் ஃப்ளாப்பை வெட்டினால் தீரும் என்றால் வெட்டலாம். நீள்கையைத் தொட்டால் அந்த ரிம் வேண்டாம். நேர் ரோட்டில் உரசாததை வைத்து "ஃபிட் ஆகிவிட்டது" என்று சொல்வதை நம்பாதீர்கள்.

லிஃப்ட் கிட் பற்றி இரண்டே வரி. 50 மி.மீ தூக்கினால் முன் அச்சு திரும்பி காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டீயரிங் தானாக நேராகாது. காஸ்டர் திருத்தும் புஷ் இல்லாத கிட்டை வாங்காதீர்கள். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்ட் கம்பியால் அச்சு ஒரு பக்கம் நகரும், அதற்கும் நீளம் மாற்றக்கூடிய கம்பி தேவை.

பெரிய டயர் போட்டதும் 60 முதல் 80 கி.மீ வேகத்தில் ஸ்டீயரிங் ஆட்டம் வந்தால் வரிசையாகப் பாருங்கள்: காற்று, பேலன்சிங், பான்ஹார்ட் புஷ், கிங்பின் பேரிங் இறுக்கம். எடுத்தவுடன் ஸ்டீயரிங் டாம்பரை (ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷாக்) மாற்றச் சொல்பவர் நோயை மறைக்கிறார். புது டாம்பர் ஆட்டத்தைச் சில ஆயிரம் கிலோமீட்டர் அமுக்கி வைக்கும், தேய்ந்த புஷ் அங்கேயே இருக்கும்.

மைலேஜ் பயம் பாதி கற்பனை. ஓடோமீட்டர் இப்போது 100 காட்டினால் முன்பை விட 5.8 கி.மீ கூடுதலாக ஓடியிருப்பீர்கள். முன்பு 13 கொடுத்த வண்டி 11.5 காட்டினால், உண்மையில் அது 12.2. ஸ்பீடோமீட்டருக்கும் இதே கதை, கேமரா இருக்கும் சாலையில் கொஞ்சம் அடக்கி ஓட்டுங்கள்.

ஆகவே என் பதில்: கம்பெனி ரிம்மிலேயே 215/75 ஆர்15, ஏ.டி, எல்.டி அல்லாத சாதா வகை. டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோட் இண்டெக்ஸ் 96-க்குக் குறையக் கூடாது. பொலிரோவுக்கு வருவது இந்த அளவுதான் என்பதால் சின்ன ஊர் டயர் கடையிலும் கிடைக்கும், காட்டுக்குப் போகிறவனுக்கு அது பெரிய விஷயம். எல்.டி ஏன் வேண்டாம் என்றால், 1,200 கிலோ வண்டிக்கு அதன் பக்கச் சுவர் மடங்கவே மடங்காது. 20 பி.எஸ்.ஐ-க்கு இறக்கினாலும் கட்டை மாதிரி நிற்கும், தரையைக் கவ்வாது. வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 3223 என்றால் 2023-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். இரண்டு வருடம் கிடங்கில் கிடந்ததைப் புதுசு என்று தள்ளிவிடுவார்கள்.

எம்.டி, அதாவது சேற்றுக்கான டயர் கேட்பீர்கள். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் மழைக்குப் பிறகு ஓட்டுகிறவர் என்றால் அர்த்தம் உண்டு, ஏ.டி-யின் இடுக்குகள் அந்தக் களியில் இரண்டு சுற்றிலேயே நிறைந்து வழவழப்பாகிவிடும். அங்கேயும் அகலம் குறைந்த டயர்தான் களியைக் கிழித்துக் கொண்டு கெட்டித் தரையைத் தொடும். மற்றவர்களுக்கு எம்.டி என்பது நனைந்த தார் ரோட்டில் வழுக்கலும் ஓயாத இரைச்சலும்.

அதற்கும் முன்னால், பைசா செலவில்லாமல் இருக்கிற டயரில் காற்றைக் குறைத்துப் பாருங்கள். கல் பாதைக்கு 20, உதிரிக் கல்லுக்கு 18, திருச்செந்தூர்ப் பக்கத் தேரி மணலுக்கு 15 பி.எஸ்.ஐ. தரையில் படியும் பகுதி நீளவாக்கில் நீளும், பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. 15-க்குக் கீழே போனால் திடீர்த் திருப்பத்தில் விளிம்பு கழன்றுவிடும், 30 கி.மீ-க்கு மேல் போகவும் கூடாது. திரும்பக் காற்றடிக்க, பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் கம்ப்ரஸர் வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது ஃபியூஸைத்தான் சோதிக்கும்.

ரோட்டுக்குப் புது டயரில் எவ்வளவு காற்று? பக்கச் சுவரில் இருக்கும் உச்ச அளவை அடிக்காதீர்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவில் தொடங்கி, டயரின் குறுக்கே தடிமனாகச் சாக்பீஸ் கோடு போட்டு, நேராக ஐம்பது மீட்டர் உருட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரு ஓரம் அழிந்தால் குறைவு. சீராக அழியும் வரை இரண்டிரண்டு பி.எஸ்.ஐ-யாக மாற்றவும்.

சட்டம் பற்றி யாராவது கேட்கும் முன்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. டயர் பாடிக்கு வெளியே நீட்டினால் நிறுத்துவார்கள். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்த மாற்றம் க்ளெய்ம் சமயத்தில் கேள்வியாகும்.

போடுவதென்றால் ஐந்தையும் மாற்றுங்கள். பழைய அளவு ஸ்டெப்னியை ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு 4ஹெச் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதா வேக நிலை) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகம் கேட்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும், லிவர் இறுகி வெளியே வராது. 235 என்றால் ஸ்டெப்னி பின் பம்பரில் படுகிறதா என்றும் பார்க்கவும், கதவுக் கீலுக்கும் எடை கூடும். நட்டுகளை ஏர் கன்னால் இறுக்கிவிட்டு அனுப்பினால், டார்க் ரெஞ்சில் 100 நியூட்டன் மீட்டருக்குச் சரிபார்த்து, 100 கி.மீ ஓடியபின் இன்னொரு தடவை பாருங்கள்.

வண்டி மாட்டிய இடத்தின் படமும் அடியில் கீறல் எங்கே என்பதும் கீழே எழுதினால், 235 உங்களுக்குத் தேவையா என்று இன்னும் திட்டவட்டமாகச் சொல்கிறேன்.