நார்தர்ன் சோல் தட்டு வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

1960களில் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் பதிவான வேகமான சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை) பாடல்கள் பல, அமெரிக்காவில் விலைபோகாமல் கிடங்கில் முடங்கிவிட்டன. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அவற்றைத் தேடிப் பிடித்து விடிய விடிய ஆடினார்கள். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கம் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, விகன் கசினோ என்று அந்த இரவுகளுக்குப் பேர்போன இடங்கள் இருந்தன. லண்டனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டேவ் கோடின் 1970ல் தன் பத்திரிகைப் பத்தியில் இதை 'நார்தர்ன் சோல்' என்று எழுதினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் ஆட்டமும் நிற்கவில்லை, தட்டு வியாபாரமும் நிற்கவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: இசைத்தட்டுச் சந்தை ஒன்றில் ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' ஏழு இஞ்ச் தட்டைப் பார்த்தேன். விலை 60 பவுண்டு. 'ஒரிஜினல்தான்' என்கிறார் விற்பவர். இதே பாட்டு ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். அதிர்ஷ்டம் என்று நினைத்து வாங்கிவிடலாமா?

'ஒரிஜினல்' என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். அந்தப் பாட்டின் கதை தெரிந்தால் காரணம் புரியும்.

1965ல் மோடவுன் நிறுவனம் தன் 'சோல்' என்ற துணை லேபிளுக்காக (தட்டு வெளியிடும் பெயர்) இதைப் பதிவு செய்தது. வெளிவருவதற்கு முன்பே வெளியீடு கைவிடப்பட்டது. ஃபிராங்க் வில்சன் பாடகராகத் தொடராமல் தயாரிப்பாளர் வேலைக்குப் போனார். பாடகர் எடி கெண்ட்ரிக்ஸின் பெரிய வெற்றிப் பாட்டு ஒன்றைத் தயாரித்தவர்களில் அவரும் ஒருவர். அச்சான தட்டுகள் அழிக்கப்பட்டன. தப்பியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று 2009ல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. 2020ல் ஒரு தட்டு ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. அப்படி ஒரு தட்டு சந்தை மேசையில் 60 பவுண்டுக்குக் கிடக்காது.

அப்படியானால் நீங்கள் பார்த்தது என்ன? மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, 1979ல் மோடவுனின் பிரிட்டிஷ் லேபிளான டாம்லா மோடவுன் இங்கிலாந்தில் முறையாக வெளியிட்ட தட்டு. அதன் நடுவிலுள்ள தாள் லேபிளில் டி.எம்.ஜி. 1170 என்ற எண் இருக்கும். இது நல்ல தட்டு, சட்டப்படியான தட்டு. நியாயமான விலை என்றால் தாராளமாக வாங்குங்கள். இரண்டாவது, பின்னாளில் வந்த மறுவெளியீடு ஏதாவது ஒன்று. மூன்றாவது, கள்ள அச்சு. 1970களிலேயே இந்தப் பாட்டை 'எடி ஃபாஸ்டர்' என்ற பொய்ப் பெயரில் திருட்டுத்தனமாக அச்சடித்து விற்றார்கள். அந்தப் பழைய கள்ளத் தட்டுகளையும் இன்று 'வரலாற்றுப் பொருள்' என்று விலையேற்றி விற்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பாடியவருக்கு ஒரு காசுகூடப் போகாத தட்டு அது.

விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'லேபிள் எண் என்ன, எந்த ஆண்டு அச்சு?' நேர்மையான வியாபாரி உடனே சொல்லிவிடுவார். 'ஒரிஜினல்' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: கள்ள அச்சை வீட்டில் வைத்தே கண்டுபிடிக்க முடியுமா? லேபிளைப் பார்த்தால் எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

லேபிளை விடுங்கள். லேபிளை யாரும் நகலெடுக்கலாம். பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே பளபளப்பாக ஒரு வெற்று வளையம் இருக்கிறதே, அதைப் பாருங்கள். தட்டை மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து மெல்லச் சுற்றினால் எழுத்துகளும் எண்களும் மின்னும். அமெரிக்க மூலத் தட்டுகளில் (முதலில் அச்சானவற்றில்), பாட்டைத் தட்டில் வெட்டிய ஸ்டூடியோவின் முத்திரை சில நேரம் அச்சு எழுத்தில் குத்தியிருக்கும்: 'பெல் சவுண்ட்', 'நாஷ்வில் மேட்ரிக்ஸ்' போல. லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் ஆலையில் வார்த்தவற்றில் சின்ன முக்கோணமும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். முத்திரை இருக்க வேண்டிய தட்டில் எல்லாமே கையால் கீறியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் கைக்கீறல் உள்ள மூலத் தட்டுகளும் நிறைய உண்டு. அதனால் அந்தக் குறிப்பிட்ட தட்டின் மூல அச்சில் என்ன இருக்கும் என்று இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் படத்தோடு ஒப்பிட்ட பிறகே முடிவெடுங்கள்.

காதும் உதவும். கள்ள அச்சுகள் பல, இன்னொரு தட்டை ஓடவிட்டு அதிலிருந்து நகலெடுத்தவை. தட்டில் கீறலே இருக்காது, பாட்டில் மட்டும் கீறல் சத்தம் கேட்கும். அப்படிக் கேட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து ஒரு 45 (நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் ஏழு இஞ்ச் தட்டு) வரவழைத்தேன். கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. ஊசியை வைத்தால் ஒரே இரைச்சல். ஏமாற்றிவிட்டார்களா? நடு ஓட்டையும் பெரிதாக இருக்கிறது.

ஓட்டை பெரிதாக இருப்பது இயல்பு. அமெரிக்க 45களின் ஓட்டை ஒன்றரை இஞ்ச். நடுவில் வைக்கும் அடாப்டரைச் சில பவுண்டுகளில் வாங்கிவிடலாம்.

இரைச்சல் வேறு விஷயம். அன்றைய அமெரிக்க 45களில் கணிசமானவை வினைல் அல்ல, ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை. வினைல் கொஞ்சம் வளையும். ஸ்டைரீன் விறைப்பாக இருக்கும். நகத்தால் தட்டினால் 'டிக்' என்று வறண்ட சத்தம் வரும். லேபிளும் பெரும்பாலும் ஒட்டியதாக இருக்கும். தேய்ந்த ஊசியும், அதைத் தாங்கும் பிளேயரின் கனமான கையும் ஸ்டைரீனைச் சீக்கிரம் தின்றுவிடும், ஆனால் மேல்பரப்பு பளபளப்பாகவே இருக்கும். இந்த வகைத் தட்டைக் கண்ணால் மட்டும் தரம் பிரிக்கக் கூடாது.

பாட்டின் முதல் சில விநாடிகளில் மட்டும் 'ஷ்ஷ்' என்று இரைந்து பிறகு தெளிந்தால், வானொலியிலோ கிளப்பிலோ டி.ஜே. தொடக்கத்தைப் பிடிக்க முன்னும் பின்னும் சுழற்றிய தேய்மானம் அது. அந்த அளவு என்றால் நான் பொறுத்துக்கொள்வேன். முழுப் பாட்டும் இரைந்தால் திருப்பி அனுப்புங்கள். இனிமேல் வாங்கும்போது 'கண்ணால் பார்த்துத் தரம் போட்டதா, ஓடவிட்டுக் கேட்டுப் போட்டதா?' என்று முன்பே எழுதிக் கேளுங்கள். விலை அதிகமென்றால் பாட்டின் ஒரு துண்டை ஒலிப்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி வடிவ மலிவு பிளேயரில் இந்தத் தட்டுகளைப் போடவே போடாதீர்கள். அவற்றின் கை கனம்.

இன்னொன்று, வரி. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளின் விலை 135 பவுண்டு வரை என்றால் 20 சதவீத வாட் வாங்கும்போதே சேர்ந்துவிடும். அதைத் தாண்டினால் தட்டு இங்கிலாந்துக்குள் வரும்போது வரியும் கூரியரின் கையாளும் கட்டணமும் தனியாக வரும். விலை பேசும்போதே அதையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: 'வி.ஜி. பிளஸ்' (மிக நல்ல நிலை என்ற தரக்குறி) என்று போட்டிருந்த தட்டு ஊசி தாவும் நிலையில் வந்தது. 'பழைய பொருள், திருப்பி வாங்க மாட்டோம்' என்கிறார் விற்பவர். ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். விற்பவர் வியாபாரியாக இருந்தால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். சொன்ன தரத்தில் பொருள் இல்லையென்றால், கைக்கு வந்து 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். இணையத்தில் வாங்கியதென்றால், குறையே இல்லாவிட்டாலும் 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பும் உரிமையும் உண்டு. 'திருப்ப முடியாது' என்று அவர் எழுதி வைப்பதால் சட்டம் மாறிவிடாது.

விற்றவர் தனிநபர் என்றால் அந்த 14 நாள் உரிமை கிடையாது. ஆனாலும் விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்ற விதி அவருக்கும் உண்டு. 'ஊசி தாவுகிறது' என்று வாயால் சொல்லாமல், தாவும் இடத்தைக் காணொளியாக எடுத்து அனுப்புங்கள். தட்டின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து, வியாபாரிக்கு கிரெடிட் கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால், கார்டு நிறுவனத்திடமும் கோரிக்கை வைக்கலாம். அதனால்தான் 'நண்பருக்கு அனுப்புவதுபோல் பணம் போடுங்கள், கட்டணம் மிச்சம்' என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்கிறேன். அந்த வழியில் பாதுகாப்பே இல்லை.

கேள்வி: கையில் 100 பவுண்டு இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? உங்களுக்குப் பிடித்தவை எவை?

முழுத் தொகையையும் ஒரே தட்டில் போடாதீர்கள். கென்ட் லேபிளின் தொகுப்புகளில் இரண்டை முதலில் வாங்குங்கள். லண்டனின் ஏஸ் நிறுவனம் 1982லிருந்து நடத்தும் லேபிள் இது. மூல நாடாக்களைத் தேடி எடுத்து, முறைப்படி உரிமை வாங்கி வெளியிடுகிறார்கள். கூடவே வரும் குறிப்பேட்டில் பாடியவர் யார், வாசித்தவர் யார், ஏன் அந்தப் பாட்டு அன்று ஓடவில்லை என்று எழுதியிருப்பார்கள். எது உங்களை எழுப்பி ஆடவைக்கிறது என்று தெரிந்தபின் தனித் தட்டுகளுக்குப் போங்கள்.

எனக்குப் பிடித்தவை என்றால் முதலில் டோபி கிரேயின் 'அவுட் ஆன் த ஃப்ளோர்'. பியானோ தொடங்கிய கணமே கால் தானாக நகரும். அடுத்து, விகன் கசினோவில் காலை எட்டு மணிக்கு இரவு முடியும்முன் கடைசியாகப் போட்ட மூன்று: டோபி லெஜண்டின் 'டைம் வில் பாஸ் யூ பை', ஜிம்மி ராட்க்ளிஃபின் 'லாங் ஆஃப்டர் டுநைட் இஸ் ஆல் ஓவர்', டீன் பாரிஷின் 'ஐ'ம் ஆன் மை வே'. 'த்ரீ பிஃபோர் எய்ட்' என்றால் இந்த மூன்றும்தான். கசினோவின் சோல் இரவுகள் 1973 செப்டம்பரில் தொடங்கி 1981 டிசம்பரில் முடிந்தன. ராட்க்ளிஃபின் குரலில் இருக்கும் அந்த நிதானமான ஏக்கத்தை, இரவெல்லாம் ஆடிக் களைத்த உடம்போடு கேட்பவர்கள் மறப்பதே இல்லை.

குளோரியா ஜோன்ஸின் 'டெய்ன்டட் லவ்' வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். 1965ல் சாம்பியன் லேபிளில் பின்பக்கப் பாட்டாக வந்து, யாரும் சீந்தாமல் கிடந்தது இது. 1973ல் டி.ஜே. ரிச்சர்ட் சியர்லிங் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1981ல் சாஃப்ட் செல் குழு பாடிய பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. குளோரியா ஜோன்ஸே 1976ல் மீண்டும் பாடிப் பதிவு செய்திருக்கிறார். ஆடும் தரைக்கு வேண்டியது 1965 பதிவு. மலிவுத் தொகுப்புகளில் இப்படிப் பின்னாளில் பாடிய பதிவைச் சத்தமில்லாமல் நுழைத்துவிடுவது பல பாடகர்கள் விஷயத்தில் நடக்கிறது. அட்டையில் பதிவான ஆண்டு இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: வயது 47. ஆடத் துணை இல்லை. விடிய விடிய நடக்கும் ஆல்நைட்டருக்குத் தனியாகப் போனால் விசித்திரமாகப் பார்ப்பார்களா? என்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும்?

பார்க்க மாட்டார்கள் அம்மா. இது ஜோடி தேவைப்படாத ஆட்டம். ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் ஆடுவார்கள். உங்கள் வயதுக்காரர்களும் உங்களைவிட மூத்தவர்களும் நிறையவே இருப்பார்கள்.

காசு செலவழிக்க வேண்டியது செருப்பில். தோல் அடிப்பாகம் உள்ள தட்டையான ஷூ ஒரு ஜோடி வாங்குங்கள். ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது பாதம் நின்றுவிடும், முழங்கால் மட்டும் திரும்பும். அந்த வயதில் அது வேண்டாம். பழைய ஜோடி இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோல் அடி போட்டுக்கொள்ளலாம், செலவு குறையும். அக்காலத்தில் வழுக்கிச் சுழல டால்கம் பவுடர் தூவுவார்கள். இன்று பல மண்டபங்களில் அதற்குத் தடை, கேட்காமல் தூவாதீர்கள். அகலக் கால்சட்டை, வட்டப் பாவாடை எல்லாம் ஆசை இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ள ஒரு சட்டை, ஒரு துண்டு, தண்ணீர் போதும்.

கையில் கோப்பையோடு ஆடும் தரைக்குள் போகக் கூடாது. குறுக்கே நடக்காமல் ஓரமாகச் சுற்றிப் போக வேண்டும். பாட்டின் நடுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டுவார்கள். இரண்டு மூன்று முறை கேட்டால் எந்த இடம் என்று பிடிபட்டுவிடும். முதல் முறை விடியவிடிய நிற்க வேண்டியதில்லை. நள்ளிரவுக்குள் முடியும் மாலை நிகழ்ச்சிகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன, டிக்கெட்டும் குறைவு. லண்டன் பக்கம் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் 100 கிளப்பில் 1980களின் தொடக்கத்திலிருந்தே சோல் ஆல்நைட்டர்கள் பேர்போனவை.

கேள்வி: நண்பர்களோடு சேர்ந்து ஊர் மண்டபத்தில் சோல் இரவு நடத்தப் போகிறோம். மறுவெளியீட்டுத் தட்டு போட்டால் கேலி செய்வார்களாமே?

சில நிகழ்ச்சிகளில் மூல அச்சு மட்டும்தான் என்ற விதி உண்டு. டிக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள்; அங்கே போனால் அதை மதியுங்கள். உங்கள் இரவுக்கு அந்த விதி வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் ஒன்றில் உறுதியாக இருங்கள்: உரிமை வாங்கி வெளியிட்ட மறுவெளியீடு மட்டும், கள்ள அச்சு கூடாது. பொது இடத்தில் பாட்டு போட இசை உரிமம் வேண்டும். மண்டபத்துக்கு அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முன்பணம் கட்டும்முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தரை மரத்தரையா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். கம்பளம் விரித்த அறை என்றால் வேறு மண்டபம் தேடுங்கள்.