பதில்: வைல்ட்ஃபிளையில் லோக்கல் இஜேபியைத் தேடி எடுக்கும்போது கிளாஸ் காஸ்ட் பிழை

வணக்கம். வைல்ட்ஃபிளை என்ற ஜாவா செயலிச் சேவையகத்தில், ஆர்டர்சர்வீஸ் பீனை (இஜேபி எனப்படும் சேவையகக் கூறு) வாரிலிருந்து (வெப் பகுதியின் தொகுப்புக் கோப்பு) ஜேஎன்டிஐ (பெயரைக் கொண்டு பொருளைத் தேடும் ஜாவா வசதி) மூலம் எடுத்ததும், இன்டர்ஃபேஸின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் அந்த இன்டர்ஃபேஸ் வகையாகக் காஸ்ட் செய்ய (வகை மாற்ற) முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) ஒரு கிளாஸை அதன் பெயரோடு, அதை ஏற்றிய கிளாஸ்லோடரையும் (கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) சேர்த்தே அடையாளம் காண்கிறது; வேறு வேறு லோடர்கள் ஏற்றினால், ஒரே பெயர் இருந்தும் அவை இரு வேறு கிளாஸ்கள். ஆகவே இன்டர்ஃபேஸ் உள்ள ஜார் (நூலகக் கோப்பு), வாரையும் உள்ளடக்கிய பெரிய தொகுப்பான இயரின் லிப் கோப்புறையிலும் வாரின் வெப்-இன்ஃப் லிப்பிலும் இருக்கிறது என்றே சந்தேகிக்கிறேன்.

உறுதிசெய்ய, ஆர்டர்சர்வீஸின் கிளாஸ்லோடரையும், தேடலில் கிடைத்த ப்ராக்ஸியின் (பீனுக்குப் பதிலாக நிற்கும் இடைப்பொருள்) கிளாஸில் கெட்இன்டர்ஃபேசஸ் தரும் முதல் இன்டர்ஃபேஸின் கிளாஸ்லோடரையும் பதிவில் அச்சிடுங்கள். ஒன்று 'டிப்ளாய்மென்ட்.ஷாப்.இயர்' என்றும் மற்றது 'டிப்ளாய்மென்ட்.ஷாப்.இயர்.வெப்.வார்' என்றும் வந்தால் ஐயமே வேண்டாம்.

வைல்ட்ஃபிளையில் வார் தன் சொந்த லிப்பில் இருப்பதையே இயரின் லிப்புக்கு முன்னதாக எடுத்துக்கொள்ளும் என்பதால், சிலர் பரிந்துரைக்கும் இயர்-சப்டிப்ளாய்மென்ட்ஸ்-ஐசோலேட்டட் அமைப்பை (இயருக்குள் உள்ள பகுதிகள் ஒன்றின் கிளாஸை மற்றொன்று காணலாமா என்பதைத் தீர்மானிப்பது) மாற்றுவதால் இங்கே பயனில்லை. இரண்டாம் பிரதியை நீக்குவதே வழி. வாரின் பாம் கோப்பில் (மேவன் என்ற கட்டமைப்புக் கருவியின் அமைப்புக் கோப்பு) அந்த ஜாருக்கு ப்ரொவைடட் ஸ்கோப் கொடுங்கள்; அப்போது அது தொகுக்க மட்டும் பயன்படும், வாருக்குள் சேராது. இயரின் பாமில் அதே ஜார் சார்பாக இருக்கட்டும். மேவன் இயர் ப்ளகினில் டிஃபால்ட்லிப்பண்டில்டிர் மதிப்பை லிப் என வையுங்கள். இதை வைக்காமல் ஜார் இயரின் வேரிலேயே கிடந்தால், இம்முறை கிளாஸ் கிடைக்கவில்லை என்ற வேறொரு பிழை எழக்கூடும்.

பிறகு கிளீன் செய்து கட்டி, வாரை அவிழ்த்து வெப்-இன்ஃப் லிப்பை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். மேவன் கட்டியதை வைக்கும் பழைய டார்கெட் கோப்புறையில் தங்கிய ஜார் அடிக்கடி ஏமாற்றும்.