பச்சை ஆமை தெரிகிறதா?

கேள்வி: 8 ஜிபி ராம் உள்ள என் விண்டோஸ் கணினியில், விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) போட்டு அதற்குள் லினக்ஸ் நிறுவினேன். லினக்ஸுக்கு 6 ஜிபி கொடுத்தும் இரண்டுமே ஆமையாய் நகர்கின்றன. இன்னும் கூட்டவா?

பதில்: ஐயோ, குறையுங்கள்! விருந்தாளிக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுத்த கதை இது. மிச்சமுள்ள 2 ஜிபியில் விண்டோஸ் திணறி, ராமில் கொள்ளாததை எல்லாம் வட்டில் எழுதி எழுதிப் படிக்கும். முதல் தடவை நானும் இதையே செய்தேன். மவுஸை அசைத்தால் அம்புக்குறி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. லினக்ஸுக்கு 3 ஜிபி ராம், பிராசஸரில் இரண்டு கோர் போதும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப் உள்ள லினக்ஸாக இருந்தால் நல்லது.

அப்புறம், ஆமை என்றீர்களே, லினக்ஸ் ஓடும் ஜன்னலின் கீழ் வரிசையில் நிஜமாகவே ஒரு குட்டிப் பச்சை ஆமைப் படம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இப்படி உள்ளே இன்னொரு கணினியை ஓட்ட பிராசஸரில் இருக்கும் வசதியை, அதே வேலைக்கான விண்டோஸின் சொந்த ஏற்பாடான ஹைப்பர்-வி பிடித்து வைத்திருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஹைப்பர்-வி டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆமை போகாவிட்டால் 'மெமரி இன்டெக்ரிட்டி'யும் காரணமாக இருக்கலாம். ஆனால் அது பாதுகாப்பு வசதி; நானாக இருந்தால் அதை அணைக்காமல் கொஞ்சம் மந்தத்தைப் பொறுத்துக்கொள்வேன்.