டிஸ்சார்ஜ் அன்று நிரப்பும் ஃபீட்பேக் ஃபாரத்தை வைத்து ஒரு மருத்துவமனையின் தரத்தைச் சொல்ல முடியுமா?

காபி ஆறிப்போய் வந்ததா, பாத்ரூம் சுத்தமாக இருந்ததா, நர்ஸ் சிடுசிடுத்தாரா என்பதெல்லாம் அதில் தெரியும். வைத்தியம் பலித்ததா என்பது தெரியாது. மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த ஃபாரங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பெரும்பாலும் நோயாளி அதைத் தொடுவதே இல்லை. இன்ஷூரன்ஸ் அப்ரூவலுக்காக பில்லிங் கவுன்டரில் கால்கடுக்க நிற்கும் மகனோ மருமகனோ வரிசையாக ‘நன்று’ என்று டிக் போட்டுக் கொடுத்துவிடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

தொற்று விகிதம், திரும்ப அட்மிட் ஆனவர்கள் கணக்கு எல்லாம் தேவைதான். ஆனால் முழங்கால் மூட்டு மாற்றியவருக்கு முக்கியம் அந்தக் காலை வைத்து என்ன செய்ய முடிகிறது என்பது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் ஆபரேஷனுக்கு முன்பு ஒருமுறை, பிறகு ஒருமுறை. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2009 முதல் இப்படிக் கேட்கிறது. மூட்டு மாற்றியவர்களுக்கு இரண்டாவது முறை ஆறு மாதம் கழித்து. அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண் என்று 12 கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண். இரவில் வலிக்கிறதா, தனியாகக் கடைக்குப் போக முடிகிறதா, மாடிப்படி இறங்க முடிகிறதா என்று கேள்விகள் நேராக இருக்கும்.

நம்மவர்களுக்கு அது மட்டும் போதாது. மாதுங்காவிலிருந்து வந்த ஒரு மாமியிடம் “கால் சரியானதும் என்ன செய்யணும்?” என்று கேட்டேன். “செம்பூர் முருகன் கோயில் படி ஏறணும். தரையில் உட்கார்ந்து கோலம் போடணும்” என்றார். முதலாவது சரி. இரண்டாவதைக் கேட்டதும், புது மூட்டோடு தரையில் உட்காருவது பொதுவாக வேண்டாம் என்பார்கள் என்று டாக்டர் முன்கூட்டியே விளக்கினார். மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சம்மதித்தார். ஆபரேஷன் முடிந்த பிறகு இதைச் சொல்லியிருந்தால், எக்ஸ்ரே எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் கண்ணில் நாங்கள் ஏமாற்றியவர்கள்தான்.

உங்கள் மருத்துவமனையில் இப்படிக் கேட்கத் தொடங்குவதானால் ஒரே ஒரு சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் மொழியில், போனில், அவரிடமே கேளுங்கள். தாராவியிலிருந்து வருபவரிடம் ஆங்கில ஃபாரத்தை நீட்டிப் பயனில்லை. அப்புறம், ஆபரேஷன் செய்த டாக்டரையே கேட்க விடாதீர்கள். அவர் கேட்டால் நொண்டிக்கொண்டே வந்தவர்கூட “நல்லா இருக்கேன் சார்” என்றுதான் சொல்வார்.