வேகமாக ஓடும் குதிரை வாங்கினால் பேரல் ரேஸில் ஜெயித்துவிடலாமா? பழக்க எவ்வளவு காலம் ஆகும்? பதின்மூன்று வயதுப் பெண்ணை அனுப்பலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. இதைத் தெரிந்துகொள்ள நான் ஓட்டிக்கொண்டிருந்த காரின் விலையைவிட அதிகமான பணமும், ஒன்றரை வருஷமும் செலவழித்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் குதிரைக்காரன் இல்லை. கம்ப்யூட்டர் வேலை. டெக்ஸாஸில் ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே, வெதர்ஃபோர்ட் பக்கம் குடியிருக்கிறோம். வேலிக்கு வேலி குதிரை நிற்கிற ஊர். மகளின் வகுப்பிலேயே நாலைந்து பெண்கள் வார இறுதியில் பேரல் ரேஸுக்குப் போகிறவர்கள். இவளும் பதினோரு வயதில் ஆரம்பித்தாள். குதிரை லத்தி அள்ளுவதில் இன்று எங்கள் லாயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

பார்த்திராதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைப்போமே, அந்த 200 லிட்டர் ட்ரம் அளவில் மூன்று பேரல்களை முக்கோணமாக நிறுத்தியிருப்பார்கள். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் இரண்டு பேரல்கள் 60 அடி. அவை இரண்டுக்கும் இடையே 90 அடி. அவற்றிலிருந்து மூன்றாவது 105 அடி. குதிரை முழுப் பாய்ச்சலில் உள்ளே வரும். முதல் பேரலை வலப்பக்கமாகச் சுற்றினால் மற்ற இரண்டையும் இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். இடமிருந்து ஆரம்பிக்கிற குதிரைகளுக்கு இது தலைகீழ். மூன்றாவதைச் சுற்றியதும் நேராக வாசலைப் பார்த்து ஓட்டம். பேரல் சாய்ந்தால் 5 விநாடி கூடும். வரிசை தப்பினால் நேரமே கிடையாது. இந்த அளவுள்ள அரங்கில் நல்ல குதிரை 17 விநாடிச் சொச்சத்தில் முடித்துவிடும். லாஸ் வேகஸில் நடக்கும் தேசிய இறுதிப் போட்டியில் அரங்கம் சின்னது, அதனால் 13, 14 விநாடிதான். 2017இல் ஹெய்லி கின்செல் தன் ‘சிஸ்டர்’ என்ற குதிரையில் 13.11 ஓடினார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கடைசி ஓட்டத்தை விட்டுவிட்டால், பேரலுக்கும் பேரலுக்கும் நடுவே நேராக ஓடக் கிடைக்கிற தூரம் அதிகபட்சம் நூறு அடிச் சொச்சம். குதிரை வேகம் எடுப்பதற்குள் அடுத்த பேரல் வந்துவிடும். அங்கே பின்னங்காலில் எடையை இறக்கி, கிட்டத்தட்ட உட்காருவது போலக் குனிந்து, பேரலை ஒட்டித் திரும்பி, மறுபடி சீறிக் கிளம்ப வேண்டும். அப்படித் தானாக வேகத்தை அடக்குவதை இங்கே ‘ரேட்’ என்பார்கள். ரேட் இல்லாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, அவ்வளவு தூரம் பேரலைத் தாண்டிப் போய் வட்டமடித்துத் திரும்பும். பணம் போவது அந்த வட்டத்தில்தான். குவார்ட்டர் ஹார்ஸ் என்ற இனத்தை எல்லோரும் தேடுவது இதற்காகத்தான். கால் மைல் தூரத்தை வெறித்தனமாக ஓடுவதற்கென்று வந்த இனம். உயரம் குறைவு, பின்தொடை மட்டும் மல்யுத்த வீரனுக்கு இருப்பது போல.

எங்கள் குதிரை ஒன்பது வயது, செம்பழுப்பு, பெட்டை. பெயர் பிஸ்கட். விற்றவர் காட்டிய வீடியோவில் 17.4 ஓடியது. நானும் மென்பொருள்காரன் புத்தியோடு, “குதிரை 17.4 என்றால் நம் பெண் ஏறினால் 18 வராதா” என்று கணக்குப் போட்டேன். முதல் போட்டியில் 20.6 வந்தது, மூன்றாவது பேரலும் சாய்ந்தது. அடுத்த வாரம் முதல் பேரலையே தாண்டி வேலி வரைக்கும் போய்விட்டது. மகளுக்கு முழங்காலில் பேரல் இடித்து வீக்கம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, அதுதான்.

பக்கத்துப் பண்ணையில் அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். இளவயதில் ரோடியோ எனப்படும் கௌபாய் போட்டிகளில் ஓடியவர். ஒருநாள் வந்து பார்த்தார். என் மகளைக் கீழே இறங்கச் சொல்லவில்லை, குதிரையைத் திட்டவில்லை. “இரண்டு மாதத்துக்கு யாரும் ஓடக்கூடாது” என்றார், அவ்வளவுதான்.

அந்த இரண்டு மாதமும் நடைதான். பேரலைச் சுற்றி நடப்பது, பேரலுக்குச் சற்று முன்னால் நிற்பது, இரண்டடி பின்னால் எடுப்பது, மறுபடி நடப்பது. வேடிக்கை பார்த்த எனக்குத் தூக்கமே வந்தது. ஆனால் அதற்குள்தான் எல்லாமே இருந்தது. பேரலை நெருங்கும்போது நாலைந்து அடி இடைவெளி விட்டு உள்ளே போக வேண்டும், வெளியே வரும்போது ஒட்டி வர வேண்டும். அந்த இடைவெளிக்கு ‘பாக்கெட்’ என்று பெயர். மகள் பாக்கெட்டே விடாமல் நேராகப் பேரலைப் பார்த்துக் குதிரையை விட்டிருக்கிறாள். குதிரை பாவம், திரும்ப இடமில்லாமல் ஒன்று மோதியது, இல்லையென்றால் விலகி ஓடியது. “பேரலைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார்” என்று அந்த அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். கண் எங்கே போகிறதோ தோள் அங்கே போகும், தோள் போனால் இடுப்பு போகும், இடுப்பு போகிற பக்கம் குதிரை போகும்.

அப்புறம் உட்காருவது. நேர் ஓட்டத்தில் சவாரி செய்பவர் சற்று முன்சாய்ந்திருப்பார். பேரல் வந்ததும் சேணத்தில் ஆழமாக உட்கார்ந்தால் அதுவே குதிரைக்கு ‘அடக்கு’ என்ற செய்தி. உள்பக்கக் கை கடிவாள வாரில், வெளிப்பக்கக் கை சேணத்தின் கொம்பில். சீக்கிரம் உட்கார்ந்தால் குதிரை சீக்கிரம் திரும்பிப் பேரலைத் தட்டும். தாமதமானால் வட்டம் பெரிதாகும். என் மகள் பயத்தில் கடிவாளத்தை இழுத்துத்தான் நிறுத்தப் பார்த்திருக்கிறாள். வாய் வலிக்க வலிக்கக் குதிரை தலையைத் தூக்கும், தலையைத் தூக்கினால் பின்னங்காலில் உட்கார முடியாது. ஆக, நாங்கள் குதிரையின் கோளாறு என்று நினைத்த மூன்றில் இரண்டு எங்கள் கோளாறு.

கால் விஷயம் இன்னொன்று. வலப்பக்கம் திரும்பும்போது வலது முன்னங்கால் முன்னே விழ வேண்டும், இடப்பக்கம் திரும்பும்போது இடது. இதை ‘லீட்’ என்கிறார்கள். முதல் பேரலுக்கும் இரண்டாவது பேரலுக்கும் நடுவே, அந்த 90 அடிக்குள், லீட் மாற வேண்டும். பிஸ்கட் முன்னங்காலை மட்டும் மாற்றிப் பின்னங்காலைப் பழையபடியே வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிப் போகும். நடை, அடுத்து ட்ராட் எனப்படும் துள்ளுநடை, அடுத்து மெதுவான பாய்ச்சல் என்று படிப்படியாக ஏற்றிய பிறகுதான் அது சரியானது. அதுவும் வாரத்துக்கு ஒரே நாள்தான் பேரல். மற்ற நாட்களில் வயல்வெளியில் சும்மா சவாரி. குதிரைக்கு இந்தப் பாதை சீக்கிரமே மனப்பாடம் ஆகிவிடும், மறக்காது. தப்பாக ஓட்டினால் தப்பையும் அதேபோல மனப்பாடம் செய்துகொள்ளும் என்பதுதான் சிக்கல்.

எவ்வளவு காலம் என்று கேட்டீர்கள். குட்டியிலிருந்து என்றால் இரண்டு வயதில் சேணம் பழக்கி, மூன்று வயதில் மெதுவாகப் பேரல் காட்டி, நாலைந்து வயதில் ‘ஃபியூச்சுரிட்டி’ எனப்படும் இளங்குதிரைப் போட்டிகளுக்குக் கொண்டு போவார்கள். அது தொழிற்காரர்களின் வேலை, நாம் வேடிக்கை பார்க்கலாம். பிள்ளைக்கு என்றால் பன்னிரண்டு, பதினான்கு வயதுக் குதிரையாக, பத்துப் பிள்ளைகளைச் சுமந்து அலுத்துப்போன குதிரையாகப் பாருங்கள். 17.4 வேண்டாம், 18.5 போதும்.

சரி, எங்கள் தப்பு எது, குதிரையின் தொல்லை எது என்று பிரித்துச் சொன்னேன் அல்லவா. அந்த மூன்றாவது கோளாறுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இரண்டாவது வருஷம் பிஸ்கட் அரங்கின் நுழைவு வழியைக் கண்டாலே பின்வாங்க ஆரம்பித்தது. முன்னங்காலைத் தூக்கிச் சுழலும். இங்கே இது சகஜமான தொல்லை. ஒரு பயிற்சியாளரிடம் காட்டினோம். “திமிர், சாட்டையைக் காட்டுங்கள்” என்றார். மூன்று வாரம் காட்டினோம். பிறகு அதன் தீனி குறைவதைப் பார்த்துக் கால்நடை மருத்துவரை அழைத்தோம். குழாய் விட்டுப் பார்த்தார், இரைப்பையில் புண்.

குதிரையின் இரைப்பை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மேய்ச்சலில் நாள் முழுக்கப் புல் மெல்லும்போது உமிழ்நீர் அதை ஈடுகட்டும். நாமோ லாயத்தில் கட்டி, காலை மாலை இரண்டு வேளை தானியம் கொடுத்து, வெறும் வயிற்றோடு ஓடவிடுகிறோம். ஓடும்போது அமிலம் மேல்பக்கம் தெறிக்கும், அங்கே பாதுகாப்புப் படலம் கிடையாது. வாசலைக் கண்டால் ஓட்டம் வரும், ஓட்டம் வந்தால் வலி வரும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் ஒமேப்ரசோல் பசை நாலு வாரம், எப்போதும் முன்னால் உலர்ந்த புல், ஓடுவதற்கு முன் ஒரு கை குதிரைமசால். வாசல் பிரச்சினை போய்விட்டது. அந்த மூன்று வாரச் சாட்டையை நினைத்தால் இப்போதும் அதன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

போட்டி நாளைப் பற்றிச் சுருக்கமாக. தொற்று இரத்தச்சோகை இல்லை என்று காட்டும் காகின்ஸ் பரிசோதனைச் சான்று கையில் இருக்க வேண்டும். போட்டிக்கு முன் சில டாலர் கொடுத்து அரங்கில் ஒரு ஒத்திகைச் சுற்று போகலாம். அதை ஓட்டமாக்காமல் நடையாக வைத்துக்கொள்ளுங்கள். சில குதிரைகள் ஓடியதும் டிராக்டர் வந்து மண்ணைக் கிளறிச் சமன் செய்யும். டிராக்டர் வந்தவுடன் உங்கள் எண் வந்தால் அதிர்ஷ்டம், கடைசியில் வந்தால் பேரலைச் சுற்றிப் பள்ளம்.

பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றில் ஓடியவர்களைப் பிரிவு பிரிப்பார்கள். அன்றைய மிகக் குறைந்த நேரம் 17.0 என்றால், 17.5இலிருந்து இரண்டாம் பிரிவு, 18.0இலிருந்து மூன்றாம் பிரிவு என்று போகும். ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வருபவருக்குப் பரிசு. என் மகள் வாங்கிய முதல் காசோலை மூன்றாம் பிரிவில், 62 டாலர். நுழைவுக் கட்டணம் 40. டீசல் கணக்கைச் சொன்னால் மனைவி இதைப் படித்துவிடுவாள்.

வேகத்தைப் பற்றி யாராவது பேசினால் நான் சொல்கிற கதை ‘ஸ்கேம்ப்பர்’ உடையது. நியூ மெக்ஸிகோவின் கிளேட்டன் ஊர்ப் பெண் சார்மெயின் ஜேம்ஸ், 1984 தொடங்கி 1993 வரை தொடர்ந்து பத்து வருஷம் உலகப் பட்டம் வென்றது அந்தக் குதிரையில். மாட்டுத் தொழுவத்தில் வேலைக்கு நின்ற, ஆளைத் தள்ளும் என்று பெயரெடுத்த குதிரை அது. 1985இல் லாஸ் வேகஸ் இறுதிப் போட்டியில் ஓட்டத்தின்போதே கடிவாளம் கழன்றுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினைந்து வயது. வெறும் உடம்பசைவை வைத்தே மூன்று பேரலையும் சுற்றி, அந்தச் சுற்றையும் ஜெயித்தார்கள். இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் என் மகள் கடிவாளத்தை இழுப்பதைக் குறைத்தாள்.

கடைசிக் கேள்வி, பதின்மூன்று வயதுப் பெண். தாராளமாக அனுப்பலாம், ஆனால் ஹெல்மெட்டோடு. இங்கே தொப்பிதான் கௌரவம், பிள்ளைகள் ஹெல்மெட்டுக்கு முகம் சுளிப்பார்கள். ஃபாலன் டெய்லர் 2009இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தும், மறுபடி வந்து 2014இல் உலகப் பட்டம் வென்றவர். ஹெல்மெட் போட்டு ஓடியவர். அவர் படத்தை மகளின் அறைக் கதவில் ஒட்டினேன், பேச்சு முடிந்தது. பிஸ்கட் இப்போது 18.2 ஓடுகிறது. வீடியோவில் பார்த்த 17.4ஐ இன்னும் நாங்கள் நேரில் பார்க்கவில்லை.