தார்க்குச்சி அடுக்கும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டியே நாலு விசைத்தறி ஓடுகிறது. பிள்ளை இன்னும் பேசவில்லை. ஒன்றரை வயதில் ‘தண்ணி’, ‘அக்கா’ என்று சொல்லிக்கொண்டிருந்தான், அதுவும் நின்றுவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தறிக்கு நூல் சுற்றும் காலித் தார்க்குச்சிகளை எடுத்து வந்து நிலைப்படி ஓரமாக வரிசையாக அடுக்குவதுதான் விளையாட்டு. ஒன்றை நகர்த்திவிட்டால் சுவரில் தலையை மோதி அழுகிறான். குழந்தை டாக்டர், “ஆட்டிசம் மாதிரி தெரியுது, தெரபிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார். திருநெல்வேலியில் ஒரு தனியார் மையத்தில் மாதம் 12,000 ரூபாய் கேட்கிறார்கள். பயிற்சி நடக்கும்போது என்னை உள்ளே விடமாட்டார்களாம். எங்கள் அத்தை, “அவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான், கோயில் புத்துமண்ணைப் பூசு, சரியாயிரும்” என்கிறார். வீட்டுக்காரரோ, மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் பிள்ளை பெயர் கெட்டுவிடும், பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள் என்கிறார். ஆறாம் மாதத்திலிருந்தே போனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் தறி வேலை பார்த்தேன். என் தப்பாலா இப்படி ஆனது? இது குணமாகுமா? எங்கே போவது?

— பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: தங்கச்சி, போன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது மனதில் உட்கார்ந்திருக்கும்வரை நான் சொல்லும் மற்ற எதுவும் உங்கள் காதில் ஏறாது. ஆட்டிசம் கருவிலேயே மூளை வளரும் விதத்தில் வரும் வேறுபாடு. அதில் மரபணுக்களின் பங்கு பெரிது. போன் கொடுத்ததால் வருவதில்லை, நீங்கள் தறியில் நின்றதாலும் வருவதில்லை. யூடியூபில் ‘வெர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று ஒரு பேச்சு ஓடுகிறது. மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் போன் ஒரு வேலையைச் செய்யும். ஒரு நாளில் உங்கள் முகத்தை அவன் பார்த்திருக்கக்கூடிய நேரத்தைத் தின்றுவிடும். அதனால் இன்றிலிருந்து குறையுங்கள். நடந்ததற்கு அழ வேண்டாம்.

உங்கள் அத்தை சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பேச்சு மட்டும் தாமதமாகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை பேசாவிட்டாலும் விரலை நீட்டிக் காட்டும். பஸ் போனால் பஸ்ஸைப் பார்த்துவிட்டு, நீங்கள் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். பசித்தால் கையைப் பிடித்து இழுத்துப் போய், அடுப்பையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கும். உங்கள் மகன் இப்படிச் செய்வதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அதைவிட, வந்த சொற்கள் நின்றுபோனது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே காத்திருக்கக் கூடாது. எந்த வயதாக இருந்தாலும் வந்த பேச்சு போனால் உடனே காட்ட வேண்டும். புற்றுமண்ணைத் தாராளமாகப் பூசுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. பூசிவிட்டு பஸ் ஏறுங்கள்.

எங்கே போவது? முதல் படி காது. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் வளர்கிற பிள்ளை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், ஆட்டிசம் என்று முடிவு கட்டுவதற்கு முன் காது கேட்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ‘பெரா’ என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. பிள்ளையைத் தூங்க வைத்து, தலையில் சின்னச் சின்ன ஒட்டுகளை வைத்துப் பார்ப்பார்கள். வலிக்காது. தட்டைத் தட்டினால் திரும்புகிறான், அதனால் காது கேட்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அதை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். பெயர் நீளமாக இருக்கிறது என்று மலைக்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் ‘டி.இ.ஐ.சி. எங்கே?’ என்று கேட்டால் காட்டுவார்கள். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்காக மாவட்டந்தோறும் அமைப்பது என்று வந்த மையங்கள் இவை. குழந்தை மருத்துவர், பேச்சு மற்றும் காது வல்லுநர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர், சமூகப் பணியாளர் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. உங்களுக்குத் தென்காசி தலைமை மருத்துவமனையில் விசாரிப்பது பக்கம். இல்லாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. கட்டணம் இல்லை. எல்லா மையத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். போவதற்கு முன்னால் பேச்சுப் பயிற்சியாளர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம்.

இந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். உங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சரிடம் பிள்ளை பெயரைச் சொல்லி வையுங்கள். அந்தக் குழு எழுதிக் கொடுக்கும் சீட்டோடு போனால் ஆஸ்பத்திரியில் அலைச்சல் குறையும்.

உங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு கொடுப்பினையும் இருக்கிறது. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. அவர்களுடைய ஆரம்பநிலைப் பயிற்சியில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கிராமத்துப் பெண்களையே பயிற்சி கொடுத்துத் தயார்செய்து, அவர்களை வீடு வீடாக அனுப்புகிறார்கள். பிள்ளை தன் வீட்டு நடையிலேயே இருக்கும், அம்மா பக்கத்தில் இருப்பாள், வந்தவர் செய்து காட்டுவார். சென்னை பக்கம் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசு நிறுவனம், வேலூர் சி.எம்.சி.யில் குடும்பத்தோடு தங்கிப் பயிற்சி எடுக்கும் நம்பிக்கை நிலையம் இவையெல்லாம் நல்ல இடங்கள்தாம். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது வாராவாரம் போய்வரக்கூடிய தூரம். வேலூருக்குப் பிறகு போகலாம்.

இப்போது அந்த 12,000 ரூபாய் மையம். பணத்தைவிட எனக்கு உறுத்தியது, உங்களை உள்ளே விடமாட்டோம் என்று அவர்கள் சொன்னது. நான் சிறப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்த முதல் மையத்திலும் இதுதான் வழக்கம். அம்மாக்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டு இருப்பார்கள், நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். ஒரு பிள்ளை எங்கள் அறைக்குள் கையை நீட்டி ‘தா’ என்று கேட்கக் கற்றிருந்தது. ஏழு மாதம் கழித்து, பேச்சுவாக்கில் அதை அவன் அம்மாவிடம் சொன்னேன். “அப்படியா டீச்சர்? வீட்டுல செய்யமாட்டானே” என்றார். எப்படிச் செய்வான், அங்கே யாருக்கும் அது தெரியாதே! அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாம் கைக்கு வந்துவிடுகிற வீடு அது. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரத்துக்கு மூன்று நாள், முக்கால் மணி நேரம் என்றால் கூட்டினால் இரண்டேகால் மணி. பிள்ளை விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் உங்களோடுதான். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘எனக்கும் சொல்லித் தருவீர்களா?’ இல்லை என்றால், அந்த இடம் இலவசமானாலும் வேண்டாம்.

சொல்லித் தருவது என்றால் என்ன என்று ஒரு மாதிரி காட்டுகிறேன். நாளைக்கே செய்யலாம், அப்பாயின்ட்மென்ட் வேண்டாம்.

அவன் தார்க்குச்சி அடுக்கும்போது பிடுங்காதீர்கள், கலைக்காதீர்கள். எதிரே தரையில் உட்காருங்கள், உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேராக வரும்படி. முதல் இரண்டு நாள் சும்மா இருங்கள், அல்லது நீங்களும் உங்களுக்கென்று ஒரு வரிசை அடுக்குங்கள். மூன்றாம் நாள் மிச்சக் குச்சிகளை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் அடுத்ததற்குத் தேடுவான். ஒன்றை எடுத்து உங்கள் கண் பக்கத்தில் பிடியுங்கள். பேசாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம். நமக்கு வாய் சும்மா இருக்காது. ‘தா சொல்லு, தா சொல்லு, அம்மா பாரு’ என்று நச்சரிப்போம். எண்ணுங்கள். அவன் கண் ஒரு நொடி உங்கள் பக்கம் வந்தாலும் போதும். “இந்தா!” என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு சொல்தான், அதுவும் எப்போதும் அதே சொல். அவன் அதை அடுக்கட்டும். அடுத்தது. பத்துக் குச்சி, பத்து ‘இந்தா’, ஐந்து நிமிஷம். அழ ஆரம்பித்தால் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள். இது தண்டனையாக மாறக் கூடாது.

இதே சங்கதியை முறுக்கு டப்பாவில் செய்யலாம், மூடியை இறுக்கி வைத்துவிட்டுக் காத்திருங்கள். தூளியில் செய்யலாம், நாலு ஆட்டு ஆட்டிவிட்டு நிறுத்திப் பிடித்துக்கொண்டு பாருங்கள். இன்னொரு மனிதர் வழியாகத்தான் வேண்டியது கிடைக்கும் என்று அவனுக்குப் பிடிபட வேண்டும். பேச்சு அதற்குப் பின்னால் வரும். சிலருக்குச் சொல்லாக வரும், சிலருக்குப் படம் காட்டிக் கேட்பதாகவோ சைகையாகவோ வரும். படம் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குணமாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். காய்ச்சல் போகிற மாதிரி ஆட்டிசம் போகாது. அது அவனோடு இருக்கும். ஆனால் பேசுவது, படிப்பது, தன் வேலையைத் தானே பார்ப்பது, கூட்டத்தில் இருப்பது இதெல்லாம் மாறும், சிலருக்கு நம்பமுடியாத அளவுக்கு மாறும். எவ்வளவு என்று மூன்று வயதில் யாராலும் சொல்ல முடியாது. ‘ஆறு மாதத்தில் சரிசெய்கிறோம்’ என்று சொல்லும் இடத்தில் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுங்கள். முக்கியமாக, ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகக் கொடுக்கப் பரிந்துரை இல்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022-ல் சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்துவிடாதீர்கள்.

சரி, அட்டை. உங்கள் வீட்டுக்காரரின் பயம் புரிகிறது, நம் ஊர் அப்படி. ஆனால் அந்த அட்டை பிள்ளையின் கழுத்தில் தொங்காது, பீரோவுக்குள் இருக்கும். வேண்டியபோது எடுப்பது, வேண்டாதபோது வைப்பது உங்கள் இஷ்டம். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதில் ஆட்டிசமும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் வந்தால், 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி அந்தச் சட்டப்படி உரிமை. அரசுப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆக, பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள் என்ற பயத்துக்கு எதிராக நம் கையில் இருக்கும் சீட்டே இதுதான். பின்னாளில் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள் என்று கேட்கும்போதும் இதைத்தான் கேட்பார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. பெண் என்பதால் உங்களுக்கு எப்படியும் டிக்கெட் கிடையாது, வீட்டுக்காரர் கூட்டிப் போகும் நாளுக்கு உதவும்.

மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உங்கள் பிள்ளைக்குப் பொருந்துமா என்பது சான்றிதழில் எழுதும் வகையையும் சதவீதத்தையும் பொறுத்தது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் வரை. தெரபிக்கான செலவிலும் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம், ரசீதுகளைத் தொலைக்காமல் இருந்தால். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், பிறகு மறுபடியும் பார்ப்பார்கள். அது வரட்டும் என்று பயிற்சியை நிறுத்தி வைக்காதீர்கள். பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை.

வீட்டுக்காரரிடம் வாதாடிப் பயனில்லை. ஒரே ஒரு தடவை பயிற்சிக்கு அவரைப் பிள்ளையோடு அனுப்புங்கள், நீங்கள் தறியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்ற அப்பாக்களைப் பார்த்தாலே பாதிப் பயம் இறங்கும். அத்தைக்கு ஒரு வேலை கொடுங்கள், தூளி வேலை அவருடையது. எனக்குத் தெரிந்து பத்து எண்ணிக் காத்திருக்கும் பொறுமை பாட்டிகளுக்குத்தான் உண்டு. ‘அக்கா’ என்று அவன் முன்பு சொன்னது யாரை என்று நீங்கள் எழுதவில்லை. மூத்த மகள் இருந்தால், தம்பியைப் பார்த்துக்கொள்வதையே அவள் வேலையாக்கிவிடாதீர்கள். அவளோடு மட்டும் தினமும் கால் மணி நேரம், தலை பின்னும்போதாவது, தம்பி பேச்சே எடுக்காமல் இருங்கள்.

மையத்துக்குப் போகிற அன்று ஆதார், ரேஷன் கார்டு நகல்கள், பிள்ளையின் போட்டோ நாலு, தடுப்பூசி அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் இரண்டு வீடியோ: அவன் அடுக்குவது ஒன்று, பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாதது ஒன்று. டாக்டர் முன்னால் பிள்ளை எதையும் செய்துகாட்டாது, அழத்தான் செய்யும். அப்புறம், பையில் நாலைந்து தார்க்குச்சியையும் போட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கும் அறையில் அவனுக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான் இருக்கும்.